பிரசங்கம் எப்போது வழிபாட்டை விட்டுப் பிரிந்தது?

ஒரே ஞாயிற்றுக்கிழமை. கத்தோலிக்கர் "பூசைக்குப் போறேன்" என்பார். சீர்திருத்தச் சபைக்காரர் வீட்டுக்குத் திரும்பினால் முதல் கேள்வி, "இன்னைக்கு பிரசங்கம் எப்படி?" ஒருவருக்குப் பீடம் மையம், இன்னொருவருக்குப் பிரசங்க மேடை. ஏன் இப்படி?

ஆரம்பத்தில் இந்தப் பிரிவு இல்லை. கி.பி. 155 வாக்கில் ரோமில் ஜஸ்டின் எழுதியதைப் பார்த்தால் வரிசை தெளிவு: நேரம் இருக்கும் வரை வேத வாசிப்பு, தலைவரின் அறிவுரை, எழுந்து நின்று ஜெபம், அப்புறம் அப்பமும் ரசமும். எல்லாம் ஒரே கூட்டத்தில்.

பிரச்சினை மொழியில் தொடங்கியது. மேற்கு ஐரோப்பாவில் பூசை லத்தீனிலேயே நின்றுவிட்டது. மக்கள் பேச்சு மாறிவிட்டது. அதனால் மக்கள் மொழியில் ஒரு சின்னப் பகுதி தனியாக உருவானது: வாசக விளக்கம், கர்த்தர் கற்பித்த ஜெபம், அறிவிப்புகள். பிரெஞ்சில் அதற்கு 'ப்ரோன்' என்று பெயர். சில இடங்களில் பூசைக்கு நடுவில், சில இடங்களில் பூசைக்கு வெளியிலேயே நடந்தது.

1519 ஜனவரி 1. சூரிக் நகரில் பொறுப்பேற்ற ஸ்விங்லி, அந்தந்த நாளுக்கு என்று குறித்த பகுதியை விட்டுவிட்டு, மத்தேயுவை முதல் அதிகாரத்திலிருந்து வரிசையாகப் பிரசங்கிக்கத் தொடங்கினார். சின்ன மாற்றம் மாதிரி தெரியும். ஆனால் எதைப் பேசுவது என்பதை அதுவரை திருவழிபாட்டுக் காலண்டர் தீர்மானித்தது. இனி அது இல்லை. 1525-ல் பூசையே நின்றது. திருவிருந்து வருஷத்துக்கு நான்கு முறை; மற்ற ஞாயிறுகளில் அந்த 'ப்ரோன்' பாணியே முழு ஆராதனை ஆனது.

இதில் ஒரு வேடிக்கை. 1215-ன் லாத்தரன் சங்கம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது நற்கருணை வாங்கச் சொன்னது. பலர் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆக, நான்கு முறை என்பது சாதாரண ஜனங்களுக்குக் குறைவு இல்லை, கூடுதல்! கால்வின் வாராவாரம் வேண்டும் என்றார். ஜெனீவாவின் 1541 சட்டம் நான்கோடு நிறுத்தியது.

பிறகு இரண்டு பக்கமும் திரும்பி நடந்தன. 1950-ல் தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து முறை வசனத்தையும் பந்தியையும் ஒரே ஆராதனையில் சேர்த்து வைத்தது. 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மறையுரை திருவழிபாட்டின் ஒரு பகுதியே, ஞாயிறுகளில் தக்க காரணமின்றி விடக் கூடாது என்றது.

ஜஸ்டின் காட்டிய வரிசைக்கு வந்து சேர கிட்டத்தட்ட 1800 வருஷம் ஆகியிருக்கிறது. பிரசங்கமா, பந்தியா என்ற சண்டைக்குப் பின்னால் இருந்த பழைய கேள்வி இதுதான்: பீடத்தில் நடப்பது கீழே உட்கார்ந்திருப்பவருக்குப் புரிகிறதா?