‘கோ’ என்னும் சொல்

அரசனைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் ‘கோ’ என்பது ஒன்று. வடமொழியில் ஆவினைக் குறிக்கும் ‘கோ’ என்பதே தமிழில் அரசனைக் குறிக்கலாயிற்றென்றும், நிரைகாத்த தலைவனே பின்னர் அரசனாயினான் என்றும் கூறுவாருளர். இக்கூற்றுப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

சொற்பிறப்பைத் துணியுமுன் பழைய வழக்கைக் காண்டல் வேண்டும். கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில், யாற்றூர்ச் செங்காயபன் என்னும் சமண முனிவர்க்கு உறையுள் அமைத்தமை கூறும் தமிழிக் கல்வெட்டு உளது. அது கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ எனச் சேரர் மூவரைக் கூறி, இறுதியில் நின்றவன் ‘இளங்கோ’ ஆனபொழுது கல் அறுக்கப்பட்டதென்கிறது. இச்சிறு கல்வெட்டில் ‘கோ’ பெயர்க்கு முன் பட்டமாகவும், பெயரின் ஈறாகவும், ஒருவன் எய்தும் நிலையின் பெயராகவும் மூவகையான் வருதல் காண்க. கோ, கோன் என்னும் இருவடிவும் வேறுபாடின்றி வந்துள்ளன. ‘இளங்கோ ஆதல்’ என்பதனால், ‘கோ’ வெறும் புகழ்ச்சிச் சொல்லன்று. ஆட்சிமுறையில் வரையறுத்த நிலையைச் சுட்டியது என்பது போதரும்.

இனி, ஆவின் வழிவந்ததென்பாரை நோக்குவோம். வடமொழியில் ‘கோ’ என்பது தனித்து நின்று அரசனை உணர்த்துவதன்று. கோபதி, கோபாலன் எனத் தலைமையோ காவலோ உணர்த்தும் சொல்லொடு புணர்ந்தே அப்பொருள் தரும். தலைமைப்பொருள் தரும் பகுதியை விடுத்து, ஆவைக் குறிக்கும் பகுதியை மட்டும் தமிழர் அரசற்குப் பெயராக்கினர் என்றல் இயல்பன்று. ஆயரைக் குறிக்கும் ‘கோவலர்’ என்னும் சொல்லின் பிறப்பு யாதாயினும், அஃது அரசன் பெயர்க்கு மூலமாதல் வேண்டா. ‘கோனார்’ என்பதோ, முதலியார் என்பது போலத் தலைமைச்சொல் குடிப்பட்டமாயதற்குச் சான்றே.

இலக்கண வழக்கும் இதற்குத் துணையாம். தொல்காப்பியர் உருபியலில் ஓகார ஈற்றுக்கு ‘ஒன்’ சாரியை விதித்தார். ‘கோஒனை’ என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. ‘கோன்’ என்னும் வடிவம் இவ்வழித் தோன்றியதாகலாம்.

பிற்காலத்தும் இப்பட்டம் அழிந்திலது. சோழர் கல்வெட்டுக்களில் ‘கோவிராசகேசரி’, ‘கோப்பரகேசரி’ என மாறிமாறி வருவன வடமொழிப் பட்டத்தின் முன்னும் தமிழ்ச்சொல் நின்றமை காட்டும். அரசன் மனையாகிய ‘கோயில்’ இறைவன் இல்லமாயதும் தலைமைப்பொருளின் விரிவேயாம்.

ஆகலின், ஒலியொப்புமை ஒன்றே பற்றி இருசொல்லை ஒரு சொல்லாகக் கோடல் தவறு என்றும், அரசற்குரிய ‘கோ’ தலைமைப்பொருட்டாய தமிழ்ச்சொல்லே என்றும் துணிதும்.