கருங்காலிகள் ஜெயித்துக் கொடுத்த கோப்பை

அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்றால் நமக்குத் தெரிந்த கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது, எறிவது, எதிராளியை இடித்துத் தள்ளுவது... இதுதான் அவர்களுடைய ஃபுட்பால். அதன் தொழில்முறை லீக்தான் என்.எஃப்.எல். கோடிக்கணக்கான டாலர் புரளும் இந்த லீக்கில் 1987-ல் ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஸ்டிரைக் செய்தார்கள். முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? வெளியிலிருந்து ஆட்களைப் பிடித்து வந்து ஆட்டத்தை நடத்திவிட்டார்கள்! அந்த சீசனில் கோப்பையை ஜெயித்த வாஷிங்டன் அணியின் கதை இது.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1982-லும் இதே லீக்கில் ஒரு ஸ்டிரைக் நடந்தது. லீக்கின் வருமானத்தில் குறிப்பிட்ட சதவீதம் தங்களுக்கு வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கேட்டார்கள். 57 நாட்கள் ஆட்டமே நடக்கவில்லை. வழக்கமாக ஒவ்வொரு அணியும் 16 ஆட்டம் ஆட வேண்டிய சீசன் 9 ஆட்டங்களோடு முடிந்தது. அந்த அரைகுறை சீசனிலும் சாம்பியன் ஆனது வாஷிங்டன்தான். பயிற்சியாளர் ஜோ கிப்ஸ்.

1982 முதலாளிகளுக்கு ஒரு பாடம் கற்றுக்கொடுத்தது. ஆட்டம் நின்றால் டிக்கெட் பணமும் போச்சு, டிவி பணமும் போச்சு. அடுத்த தடவை ஆட்டம் நிற்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள்.

1987-ல் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைமை நிர்வாகி ஜீன் அப்ஷா. இவரே முன்னாள் ஆட்டக்காரர். இந்த முறை முக்கியக் கோரிக்கை சம்பள உயர்வு இல்லை, சுதந்திரம். ஒப்பந்தம் முடிந்த பிறகு ஒரு ஆட்டக்காரர் விருப்பப்பட்ட அணிக்குப் போகலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. காகிதத்தில் போகலாம். ஆனால் அவரை எடுக்கும் அணி, பழைய அணிக்கு நஷ்ட ஈடாக எதிர்காலத்தின் சிறந்த இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். அதனால் யாரும் யாரையும் எடுப்பதில்லை. வேலையை விடலாம், ஆனால் அடுத்த கம்பெனி சேர்த்துக்கொள்ளாது! வாங்குபவர் ஒரே ஒருவர்தான் என்றால் விலையை யார் தீர்மானிப்பார் என்று பொருளாதாரம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வாரம் ஆடிய பிறகு 1987 செப்டம்பர் 22-ல் ஸ்டிரைக் தொடங்கியது. மூன்றாவது வார ஆட்டங்கள் ரத்து. நான்காவது வாரம் புதிய முகங்கள் மைதானத்தில் இறங்கின. முன்பு தேர்வு முகாமில் கழித்துக் கட்டப்பட்டவர்கள், மூடப்பட்டுப் போன வேறொரு லீக்கில் ஆடியவர்கள், கல்லூரியோடு ஆட்டம் முடிந்துபோனது என்று வேறு வேலைக்குப் போனவர்கள். ஸ்டிரைக் செய்பவர்கள் இவர்களைக் கூப்பிட்ட பெயருக்குத் தமிழில் சரியான வார்த்தை ஒன்று உண்டு: கருங்காலி.

பழைய ஆட்டக்காரர்களின் ஒற்றுமையும் சீக்கிரமே ஆட்டம் கண்டது. பெரிய நட்சத்திரங்களே சங்கத்தை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜோ மான்டானா, டல்லாஸின் டோனி டார்செட் எல்லாம் இந்த வரிசையில் உண்டு. ஒரு ஆட்டக்காரரின் தொழில் வாழ்க்கையே சில வருடங்கள்தான். அதில் ஒவ்வொரு வாரச் சம்பளமும் போவதை எத்தனை பேர் தாங்குவார்கள்?

வாஷிங்டன் இதில் விதிவிலக்கு. அந்த அணியிலிருந்து ஒருவர்கூட ஸ்டிரைக்கை உடைத்து உள்ளே போகவில்லை. எதைச் செய்தாலும் எல்லோரும் சேர்ந்தே செய்யுங்கள் என்று கிப்ஸ் தன் ஆட்டக்காரர்களிடம் சொல்லியிருந்தார். இதனால் ஒரு வினோதம் நடந்தது. வாஷிங்டனின் மாற்று அணி முழுக்க முழுக்க மாற்று ஆட்டக்காரர்களால் ஆனது. எதிரணிகளில் சிலவற்றில் நிஜ நட்சத்திரங்களும் கலந்திருந்தார்கள்.

அந்த மாற்று அணி ஆடியது மூன்று ஆட்டம். அக்டோபர் 4-ல் செயின்ட் லூயிஸ் அணியை 28-21 என்று ஜெயித்தது. எட் ரபர்ட் என்ற பெயர் தெரியாத குவார்ட்டர்பேக் பந்தை எறிய, ஆன்டனி ஆலன் 255 கஜம் எடுத்தார். வாஷிங்டன் அணியின் வரலாற்றில் பந்தைப் பிடித்து ஒரே ஆட்டத்தில் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை! அடுத்த வாரம் நடப்பு சாம்பியன் நியூயார்க் ஜயன்ட்ஸின் மாற்று அணியை 38-12 என்று துவைத்து எடுத்தது.

இதற்குள் சங்கம் தளர்ந்துவிட்டது. அக்டோபர் 15-ல் ஸ்டிரைக் முடிந்தது. மொத்தம் 24 நாள். கேட்ட எதுவும் கிடைக்கவில்லை. அதைவிடப் பெரிய அவமானம், இந்த வாரத்துக்கு நேரம் கடந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள் என்று முதலாளிகள் திருப்பி அனுப்பியதுதான்.

அதனால் அக்டோபர் 19 திங்கள் இரவு டல்லாஸில் நடந்த ஆட்டத்திலும் மாற்று ஆட்டக்காரர்களே இறங்கினார்கள். டல்லாஸ் பக்கம் டார்செட், டேனி வைட், ராண்டி வைட் என்று சங்கத்தை விட்டு வந்த நட்சத்திரங்கள். வாஷிங்டன் பக்கம் ஒருவரும் இல்லை. ஆட்டத்தின் நடுவே ரபர்ட்டுக்கும் அடிபட்டுவிட்டது. பதிலுக்கு வந்தவர் டோனி ராபின்சன். கல்லூரி நாட்களில் பெரிய நட்சத்திரமாக வருவார் என்று பேசப்பட்டவர். போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்று, அதிலிருந்து அனுமதியோடு வந்து ஆடினார். கடைசியில் 13-7 என்று ஜெயித்தது வாஷிங்டன்.

மறுநாளோடு அவர்களின் வேலை முடிந்தது. பழைய ஆட்டக்காரர்கள் திரும்பி வந்தார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்த சீசனில் அணிக்கு 15 ஆட்டம். மூன்று ஆட்டம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. வாஷிங்டன் முடித்தது 11 வெற்றி, 4 தோல்வி. அதில் நிஜ அணியின் கணக்கு 8-4தான். அதே பிரிவில் இருந்த ஃபிலடெல்ஃபியாவின் நிஜ அணி 7-5. ஒரே ஒரு வெற்றிதான் வித்தியாசம்! ஆனால் ஃபிலடெல்ஃபியாவின் மாற்று அணி மூன்றிலும் தோற்றதால் 7-8 என்று வெளியேறியது. நடப்பு சாம்பியன் ஜயன்ட்ஸின் மாற்று அணியும் மூன்றிலும் தோற்று, 6-9 என்று கடைசி இடம்.

வாஷிங்டன் சிகாகோவையும் மின்னசோட்டாவையும் தாண்டி 1988 ஜனவரி 31-ல் சான் டியாகோவில் சூப்பர் பவுலில் டென்வரைச் சந்தித்தது. முதல் கால் பகுதியில் 0-10 என்று பின்தங்கி, இரண்டாவது கால் பகுதியில் மட்டும் 35 புள்ளி குவித்து, 42-10 என்று ஜெயித்தது. நாயகன் டக் வில்லியம்ஸ். சூப்பர் பவுலில் குவார்ட்டர்பேக்காக இறங்கிய முதல் கறுப்பினத்தவர், ஜெயித்த முதல் கறுப்பினத்தவரும் அவரே. இதே வில்லியம்ஸ்தான் 1983-ல் தம்பா பே அணியோடு சம்பளத் தகராறில் வேறு லீக்குக்குப் போனவர். மற்ற அணிகளின் மாற்று குவார்ட்டர்பேக்குகள் சிலர்கூட அவரைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சுதந்திரம் இல்லாத சந்தை என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஜெயித்தவர்களுக்கு மோதிரம் போடுவது அங்கே வழக்கம். மாற்று ஆட்டக்காரர்களுக்கு மோதிரம் கிடைக்கவில்லை.

ஸ்டிரைக்கில் தோற்ற சங்கம் என்ன ஆனது? ஸ்டிரைக் முடிந்த அன்றே நீதிமன்றத்துக்குப் போனது. முதலாளிகள் கூட்டுச் சேர்ந்து சந்தையை முடக்குகிறார்கள் என்று வழக்கு. தொழிற்சங்கமாக இருக்கும்வரை அந்தச் சட்டம் உதவாது என்று தெரிந்ததும், 1989-ல் சங்கம் தன் சங்க அந்தஸ்தையே துறந்தது! 1992-ல் ஜூரி ஆட்டக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1993-ல் உண்மையான சுதந்திரம் வந்தது. அந்த வருடமே ரெஜி வைட் 4 வருடத்துக்கு 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு கிரீன் பே அணிக்குப் போனார். பதிலுக்கு அடுத்த வருடம் அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பும் வந்தது. மைதானத்துக்கு வெளியே தோற்ற ஸ்டிரைக், நீதிமன்றத்துக்கு உள்ளே ஜெயித்தது.

2018-ல், 30 வருடம் கழித்து, அந்த மாற்று ஆட்டக்காரர்களுக்கும் வாஷிங்டன் அணி சூப்பர் பவுல் மோதிரம் கொடுத்தது.

இது நியாயமா? சங்கத்தின் பக்கம் நின்று பார்த்தால், இவர்கள் வந்திருக்காவிட்டால் முதலாளிகள் 24 நாளில் ஜெயித்திருக்க முடியாது. மற்றவர்கள் உரிமைக்காகச் சம்பளத்தை இழந்தபோது அந்த இடத்தில் போய் நின்றவர்கள். ஆனால் அவர்கள் பக்கம் நின்று பார்த்தால், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை திறந்த கதவு அது. ஸ்டிரைக் செய்தவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு வேலை இருந்தது. இவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று வாரம் கழித்து அதுவும் இல்லை.

இரண்டு பக்கமும் உழைப்பவர்களே. சண்டை அவர்களுக்குள் நடந்தது, லாபம் மூன்றாமவருக்குப் போனது. அந்த சீசனின் 11-4 என்ற கணக்கில் மூன்று வெற்றி யாருடையது என்பதை மட்டும் யாராலும் மாற்ற முடியாது.