கலப்பு முக்கியத்துவப் பணிகளின் நேர ஒதுக்கீடு

ஒரே கணினியில் உயிர்காக்கும் பணிகளும் சாதாரணப் பணிகளும் சேர்ந்து ஓடும்போது, செயலியை எதற்கு எப்போது தருவது என்று தீர்மானிக்கும் முறை. ஆளில்லா விமானத்தைச் சாயாமல் நிறுத்துவது முதல் வகை. படம் பிடிப்பது இரண்டாவது.

2007-ல் ஸ்டீவ் வெஸ்டல் இதற்கு வடிவம் தந்தார். முக்கியப் பணி ஒவ்வொன்றுக்கும் வழக்கமான நேர மதிப்பீடு ஒன்று, மிக எச்சரிக்கையான மதிப்பீடு ஒன்று. இதைப் பின்பற்றி வந்த முறைகளில், முதல் மதிப்பீடு மீறப்பட்டால் சாதாரணப் பணிகள் நிறுத்தப்படும். இது கடுமையான விதி. ஆற்றுநீர்ப் பங்கீட்டில் இப்படிச் செய்வதில்லை: நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு பிரிகின்றன. தண்ணீர் குறைந்தால் காவிரி டெல்டாவில் முறைவைத்துத் திறப்பார்களே தவிர, ஓர் ஆற்றை அடியோடு கைவிடுவதில்லை. அதுபோலவே பிந்தைய ஆய்வுகள் சில சாதாரணப் பணிகளை நிறுத்தாமல் அவற்றின் இடைவெளியை நீட்டுகின்றன, அதுவே மேல்.

செயலிகளைப் பெருக்குவதால் மட்டும் சிக்கல் தீராது. கெடு நெருங்கியதற்கே முதலிடம் என்ற விதியை எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக வைத்தால், சிறு பணிகள் அத்தனை செயலிகளையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள, பெரும்பணி ஒன்று கெடுவைத் தவறவிடலாம். மொத்தச் சுமை ஒரு செயலியின் திறனைச் சற்றே தாண்டினாலும் இது நேரும் என்று எஸ். கே. தாலும் சி. எல். லியுவும் 1978-ல் காட்டினர். அதனால் பணிகளைச் செயலிவாரியாக முன்கூட்டியே பிரித்து வைப்பதும் வழக்கம்.