கலயத்தில் ஒரு விரல் சுண்ணாம்பு

காலை ஐந்தரை மணி. விக்கிரவாண்டிக்குக் கிழக்கே ஒரு ஏரிக்கரை. பனைமரத்தடியில் குந்தியிருந்த பெரியவர் கலயத்தைக் கழுவி, கவிழ்த்து, இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு நிமிர்த்தி, குழைத்த சுண்ணாம்பில் விரலை விட்டு, கலயத்தின் உள்சுவரில் வளைத்து ஒரு இழுப்பு இழுத்தார். வெள்ளையாக ஒரு பட்டை விழுந்தது.

"அவ்ளோதானா?" என்று கேட்டேன்.

"ஒரு விரல் கொறஞ்சா புளிச்சிடும் தம்பி. ஒரு விரல் கூடிட்டா குடிக்கிறவன் நாக்கு வெந்துடும்."

மரத்தில் ஊறும் சாறு ஒன்றுதான். அந்தப் பட்டை இருந்தால் அது பதநீர், காய்ச்சினால் பனைவெல்லம். பட்டை இல்லாவிட்டால் மதியத்துக்குள் கள். முதலாவதைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் நெடுஞ்சாலை ஓரத்தில் விற்கலாம். இரண்டாவதை விற்றால் வழக்கு. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பனையின் கதை முழுக்க இந்த ஒரு விரல் அகலத்துக்குள் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுவது உண்டு.

சாறு வெளியே வருவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. தை, மாசியில் பாளை தலைகாட்டும். ஆண்பனையும் சுரக்கும், பெண்பனையும் சுரக்கும். பாளையை அப்படியே வெட்டினால் ஒரு சொட்டும் கிடைக்காது. மரத்தாலான இடுக்கியால் அதை நாள்தோறும் இதமாக நசுக்கி, சேர்த்துக் கட்டி, நுனியைச் சீவிப் பழக்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் இப்படிப் பழகிய பிறகே சொட்ட ஆரம்பிக்கும். அதன்பின் காலையும் மாலையும் மரமேறி, நுனியில் வெற்றிலைக் கனத்துக்கு ஒரு சீவல். கனமாகச் சீவினால் வைகாசி வரை வர வேண்டிய பாளை பங்குனியிலேயே முடிந்துபோகும். ஒரு வேளை சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து சுரப்பு அடைத்துக்கொள்ளும். அதனால் பருவம் முழுக்கப் பனையேறிக்குத் திருவிழா கிடையாது, உறவு வீட்டுக் கல்யாணம் கிடையாது. காலில் தளை, இடுப்பில் கத்திப்பெட்டி, நெஞ்சில் மரம் உரசி உரசித் தடித்த தோல்.

சொட்டும்போது அந்தச் சாறு வெறும் இனிப்பு. நூறு மில்லியில் ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு கிராம் சர்க்கரை இருக்கும். காற்றிலும் பூச்சியின் காலிலும் கலயத்தின் மண்துளைகளிலும் காத்திருக்கும் ஈஸ்ட்டுகளுக்கும் பாக்டீரியாக்களுக்கும் இதைவிட நல்ல விருந்து இல்லை. சில மணி நேரத்தில் நுரை எழும், புளிப்பு ஏறும், ஆல்கஹால் உருவாகும். சுண்ணாம்பு இருந்தால் சாறு காரத்தன்மைக்கு மாறிவிடும். அந்த நுண்ணுயிர்கள் தலையெடுக்க முடியாது. கள் இறக்கியவர்கள் கலயத்தைச் சுத்தமாகக் கழுவ மாட்டார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வதுண்டு. சோம்பலால் அல்ல. நேற்றைய வண்டல்தான் இன்றைய கள்ளுக்கு உறை. தயிருக்கு வைக்கும் உறைமோர் மாதிரி.

இங்கே எனக்கு ஜப்பான் நினைவுக்கு வருகிறது. அங்கே அரிசியைப் புளிக்கவைத்துச் செய்யும் சாகே என்னும் மதுவுக்கும் இதே கதைதான் இருந்தது. பழைய சாகேக் கூடங்களின் மரத்தொட்டியிலும் உத்தரத்திலும் அந்தந்த வீட்டு ஈஸ்ட் குடியிருந்தது. அதுவே அந்த வீட்டின் ருசி. அரிசியில் சர்க்கரை கிடையாது, மாவுச்சத்துதான். ஆகவே கோஜி என்னும் பூசணத்தை அவித்த அரிசியில் வளர்த்து, முதலில் அதைச் சர்க்கரையாக்க வேண்டும். பனைக்கு அந்தச் சிரமமே இல்லை, மரமே சர்க்கரையாகக் கொடுத்துவிடுகிறது. க்யோத்தோவின் புஷிமியில் 1637-ல் தொடங்கிய கெக்கெய்கான் நிறுவனம் 1909-லேயே தனக்கென ஓர் ஆய்வகம் வைத்தது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1904-ல், அரசே நிதித்துறையின் கீழ் ஒரு தேசிய ஆய்வு நிலையத்தைத் திறந்திருந்தது. நல்ல சாகே தந்த தொட்டிகளிலிருந்து ஈஸ்ட்டைப் பிரித்து, எண் போட்டு, நாடெங்கும் கொடுத்தார்கள். அகிதாவின் அரமாசா கூடத்தில் கிடைத்த ஆறாம் எண் ஈஸ்ட் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தச் சாகே தயாரிக்கும் கலையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஜப்பான் அரசு குடியானவனிடம் கருணை காட்டியது என்று நான் சொல்ல வரவில்லை. 1899-ல் வீட்டில் மது தயாரிப்பதை அடியோடு தடை செய்தது; வரி முழுவதும் கஜானாவுக்கு வர வேண்டும் என்ற கணக்கு. ஆனால் வரி வாங்கிய அதே கை, தொட்டி கெட்டுப்போகாமல் இருக்க வழி சொல்ல ஒரு விஞ்ஞானியையும் அனுப்பியது. நம் பனைக்கு அனுப்பப்பட்டவர் யார் என்று பார்த்தால் மனம் கனக்கிறது.

பனை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. விழுப்புரம் மாவட்டத்தில் பனமலை என்றே ஒரு ஊர் இருக்கிறது. அங்கே ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோயிலின் இறைவன் பெயர் தாளகிரீஸ்வரர். தாளம் என்றாலும் பனைதான். முண்டியம்பாக்கத்தை ஒட்டிய பனையபுரத்தில் சிவன் பனங்காட்டீசர், தலமரம் பனை. சம்பந்தர் பாடிய புறவார் பனங்காட்டூர் அதுவே. ஊரின் பெயரிலும் சாமியின் பெயரிலும் மரம் இருந்தது. அந்த மரத்தைக் காகிதத்தில் பதிந்து கணக்கு வைத்தது ஆங்கிலேயர் காலம். 1886-ன் சென்னை அப்காரி (கலால்) சட்டத்துக்குப் பிறகு கள் இறக்கும் மரத்துக்கு மரவரி வந்தது, மரத்தில் அடையாளம் போட்டார்கள். 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்துவிட்டது. ஏறி இறங்கிப் பிழைத்தவர்களுக்கு மிச்சமானது சுண்ணாம்புக் கலயம் மட்டும்.

அந்தச் சமயத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. காந்தியின் வார்தா ஆசிரமச் சூழலிலிருந்து வந்த கஜானன் நாயக், பனைவெல்லத்தையே தன் வாழ்க்கை வேலையாக எடுத்துக்கொண்டார். கரும்புக்கு நல்ல நிலமும் பாய்ச்சத் தண்ணீரும் வேண்டும். வரப்பில் நிற்கும் பனைக்கு இரண்டும் வேண்டாம் என்பது அவர் வாதம். அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகரான கடலூரில் பனைவெல்லப் பயிற்சிப் பள்ளி நடந்தது. கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன, அடுப்பு திருத்தப்பட்டது. இனிப்புக்குக் கிடைத்த இந்தக் கவனிப்பு புளிப்புக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. 1971-ல் மதுக்கடைகள் திறந்தன, சில ஆண்டுகளில் மூடின, 1981-ல் மறுபடி திறந்தன. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை, இன்றுவரை அதுதான். எப்படிச் சுத்தமாக இறக்குவது, எத்தனை மணி நேரத்துக்குள் விற்பது என்று சட்டம் ஒரு நாளும் கேட்டதில்லை. சுண்ணாம்பு இருக்கிறதா இல்லையா என்பதோடு அதன் அறிவு நின்றுவிட்டது.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுற்றிலும் பனை நிற்கிற கடற்கரை அது. கள் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அந்த வழியே போகும்போதெல்லாம் மரங்களைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

சரி, பதநீரோடு வீட்டுக்குப் போவோம். ஏறுவது ஆண், காய்ச்சுவது பெரும்பாலும் அவர் மனைவி. இந்த உழைப்பின் பாதி அவளுடையது. இறக்கிய பதநீரைத் துணியில் வடித்து, சுண்ணாம்பு தெளிய விட்டு, அகன்ற கொப்பரையில் ஊற்றுவாள். காய்ந்த ஓலையும் மட்டையும் எரிபொருள். மரம் தன்னையே எரித்துத் தன்னைக் காய்ச்சுகிறது. முதலில் வெளுத்த நுரை பொங்கும். ஆமணக்கு முத்தை நசுக்கி ஒரு சிட்டிகை போட்டால் பொங்கல் அடங்கும். இரண்டு மணி நேரம் போனதும் நிறம் தேனாகும், பிறகு செம்மண்ணாகும். குமிழி சின்னதாக இருந்து பெரிதாகி, வெடிக்கும் சத்தம் மாறும். அந்தச் சத்தத்துக்கு அவள் காது பழகியிருக்கும். கரண்டியில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பாள். உருண்டு நின்றால் பதம். உடனே இறக்கிக் கிண்டி, கொட்டாங்கச்சியில் வார்க்க வேண்டும். நான்கு நிமிடம் தாமதித்தால் கருகும், முந்திவிட்டால் கசியும். எட்டு, பத்து லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோ கிடைக்கும். அந்த ஒரு கிலோவுக்கு எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு, கடையில் மலிவாகக் கிடைக்கிற கருப்பட்டியில் வெள்ளைச் சர்க்கரை எவ்வளவு என்று நீங்களே ஊகிக்கலாம். கலப்படம் பனையேறிக்குச் செய்யும் துரோகம் என்று நான் கருதுகிறேன்.

புதிய முறைகள் இல்லாமல் இல்லை. காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆய்வு நிறுவனம் தென்னஞ்சாற்றுக்கு ஒரு பனிப்பெட்டி செய்திருக்கிறது. சுண்ணாம்பே தொடாமல், குளிரில் சாறு புளிக்காமல் இறங்குகிறது. தமிழக அரசும் 2017-ல் நீரா எனப்படும் இந்தப் புளிக்காத தென்னஞ்சாற்றுக்கு விதி வகுத்தது. அதே குளிர்ச்சியைப் பனையின் உச்சிக்குக் கொண்டுபோவது கடினம்தான். பனை நெட்டுக்குத்தாக நிற்கும், அதன் மட்டையில் கருக்கு அறுக்கும். ஆனாலும் மரத்தடியிலேயே ஒரு பனிப்பெட்டி, ஊர்ப் பொதுவில் ஒரு துருப்பிடிக்காத எஃகுக் கொப்பரை, புகை இல்லாத அடுப்பு, சர்க்கரை அளவைச் சொல்லும் கையடக்கக் கருவி என்று வந்தால், காய்ச்சுகிற பெண்ணின் கண்ணும் நுரையீரலும் தப்பும். இயந்திரத்தின் அளவை அவள் காதால் கண்ட பதத்தோடு ஒத்துப் பார்ப்பதற்கு ஆள் உட்கார வேண்டும். புஷிமியில் நூறு ஆண்டுக்கு முன் உட்கார்ந்தார்கள்.

2021-ல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் கொடுப்பதாக அறிவித்தார்கள். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னார்கள். செங்கல் சூளைக்கு வண்டி வண்டியாகப் போன மரங்களை நினைத்தால் இது தாமதமாக வந்த நல்ல செய்தி. விதை மண்ணுக்குள் கிழங்கு விட்டு, வெளியே ஒரு இலை காட்டி, பாளை விட 12, 15 ஆண்டுகள் ஆகும்.

பெரியவர் ஏழாவது மரத்திலிருந்து இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. வடித்த பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். இளஞ்சூடு, மெல்லிய புகைவாசம், கடைசியில் நாக்கில் கொஞ்சம் சுண்ணாம்பு. நான் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"சரியா இருந்துச்சா?"

"சரியா இருக்கு ஐயா."

மறுகலயத்தை எடுத்து, சுண்ணாம்பில் விரலை விட்டார். மாலைச் சீவலுக்கு அது.