டெண்டானை அறுக்கப் பார்த்த டாக்டர்

குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் தொட்டுப் பாருங்க. முறுக்கிய கயிறு மாதிரி ஒன்று தட்டுப்படும். அதுதான் அக்கிலிஸ் டெண்டான். தசையை எலும்போடு கட்டுவது டெண்டான். எலும்பை எலும்போடு கட்டுவது லிகமென்ட். இரண்டுக்கும் ரொம்ப காலம் ஒரே வைத்தியம்தான்: வலிக்குதா, அசைக்காதே. நைந்த கயிற்றை மேலும் இழுத்தால் அறுந்துதானே போகும்?

கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனால் 1970களில் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஃபிராங்க் நாய்ஸ் குரங்குகளுக்கு 8 வாரம் கட்டுப் போட்டு அசையாமல் வைத்துப் பார்த்தார். பிறகு முழங்கால் லிகமென்டை இழுத்துச் சோதித்தபோது, அது தாங்கிய விசை வழக்கமானதில் 61 சதவீதம்தான். எந்த அடியும் படாத லிகமென்ட், சும்மா இருந்தே நலிந்துவிட்டது. 8 வாரத்தில் போன பலம் முழுசாகத் திரும்ப ஒரு வருஷம்கூடப் போதவில்லை.

1984இல் கனடாவின் சாண்ட்ரா கர்வினும் வில்லியம் ஸ்டானிஷும், வலிக்கும் டெண்டானுக்குப் படிப்படியாகச் சுமை கூட்டும் பயிற்சியைப் புத்தகமாகவே எழுதினார்கள். ஆனால் இந்த வரலாற்றின் சுவாரசியமான ஆள் ஸ்வீடன்காரர்.

உமியோ நகரத்து எலும்பு மருத்துவர் ஹோக்கான் ஆல்ஃபிரட்சன். ஓட்டக்காரரான அவருக்கே அக்கிலிஸ் வலி. ஆபரேஷன் செய்யச் சொல்லி மேலதிகாரியிடம் கேட்டார். லீவு நீளும் என்று அவர் மறுத்துவிட்டார். டெண்டான் அறுந்தால் ஆபரேஷன் செய்துதானே ஆகணும் என்று யோசித்த ஆல்ஃபிரட்சன், வலிக்க வலிக்க அதன் மேல் சுமையை ஏற்றினார். டெண்டான் அறுபடவில்லை, வலி போயிடுச்சு! இது அவரே பின்னாளில் சொன்ன கதை.

அதை அவர் ஆய்வாக்கினார். ஆபரேஷனுக்குக் காத்திருந்த 15 பேர். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, வலிக்கும் காலின் குதிகாலை மெல்லக் கீழே இறக்கணும். மேலே ஏற மற்றக் கால். முழங்காலை நீட்டி ஒரு விதம், மடக்கி ஒரு விதம், ஒரு நாளைக்கு மொத்தம் 180 தடவை, 12 வாரம். வலித்தாலும் நிறுத்தக் கூடாது. வலி குறைந்தால் முதுகுப்பையில் எடை கூட்டணும். 1998இல் முடிவு வெளியானது. 15 பேரும் பழையபடி ஓடினார்கள். ஓய்வு, மாத்திரை, காலணி மாற்றம் என்று வழக்கமான வைத்தியம் பார்த்த இன்னொரு 15 பேரும் கடைசியில் ஆபரேஷனுக்குத்தான் போனார்கள். சின்ன ஆய்வு, குலுக்கல் முறையில் குழு பிரிக்கவும் இல்லை. ஆனாலும் இந்த வைத்தியத்தின் திசையே மாறியது.

அப்போ, பயிற்சி பழைய நாரை எடுத்துட்டுப் புதுசா நெய்யுதா? பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரட்டிப்பானது. 1963 தடை ஒப்பந்தத்துக்குப் பின் குறைந்துகொண்டே வந்தது. ஆகவே ஒரு திசுவில் இருக்கும் கார்பன்-14 அளவே அது உருவான காலத்தைக் காட்டிக்கொடுக்கும். 2013இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இறந்தவர்களின் அக்கிலிஸ் டெண்டானில் இதை அளந்தார்கள். அதன் நடுப்பகுதி சுமார் 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று சொல்லலாம்.

அதற்காக டெண்டான் செத்த கயிறு அல்ல. ஜெர்மனியில் 2007இல் வெளியான ஒரு ஆய்வில், ஒரே ஆளின் ஒரு காலுக்கு லேசான சுமை, மறு காலுக்குக் கனமான சுமை, 14 வாரம் கொடுத்தார்கள். லேசான கால் டெண்டான் அப்படியே இருந்தது. கனமான காலில் அதன் விறைப்பு கூடியது. அதாவது அசைவு மட்டும் போதாது, பாரமும் வேணும்.

எல்லா வலிக்கும் இது மருந்தில்லை. அறுந்த டெண்டானுக்கு வைத்தியமே வேறு. டெண்டான் குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலித்தால் ஆல்ஃபிரட்சன் முறை அவ்வளவாகப் பலிப்பதில்லை என்பதும் பிறகு தெரிந்தது. ஆனால் அடுத்த தடவை யாராவது "ஆறு வாரம் ரெஸ்ட் எடுங்க" என்று சொன்னால், ஏழாவது வாரம் என்ன செய்யணும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கோங்க.