வடிகுழாய் வாய் அரிப்புத் தடுப்பு

வயலுக்கு அடியில் தேங்கும் நீரை வெளியேற்றப் புதைக்கப்படும் குழாய், ஓடையிலோ வடிகால் வாய்க்காலிலோ திறக்கும் இடத்தில் கரையும் படுகையும் கரையாமல் காக்கும் முறைகள். குழாய்வரிசை எத்தனை நீளமானாலும் அதன் ஆயுள் வாயில்தான் இருக்கிறது.

அரிக்கும் விதம்: குழாயிலிருந்து வெறும் மண்ணில் விழும் நீர் கிண்ணம்போலக் குழி பறிக்கும். குழி ஆழமாக ஆகக் கரையின் அடி கரைந்து மேல்மண் சரியும். தாங்கல் இழந்த கடைசிக் குழாய் தொங்கி, இணைப்பு விலகும். அந்த இடுக்கில் கசியும் நீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு போவதால் கரைக்குப் பின்னால் வயலிலேயே பள்ளம் விழும். வேகம் இருமடங்கானால் நீர் உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது நீரியலின் பழைய விதி.

வரலாறு: அமெரிக்காவில் சுட்ட மண் ஓடுகளால் நிலத்தை வடிக்கும் முறையைத் தொடங்கிவைத்தவர், ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஜான் ஜான்ஸ்டன். நியூயார்க் மாநிலத்து ஜெனீவா நகரருகே பண்ணை வைத்திருந்த அவர், 1835இல் தாய்நாட்டிலிருந்து ஓட்டின் மாதிரிகளை வரவழைத்தார். அவற்றைப் பார்த்து வாட்டர்லூ ஊரில் கையால் செய்த ஓடுகளை அவர் வயலில் புதைத்தபோது, சட்டிபானையைப் புதைக்கிறார் என்று அக்கம்பக்கத்தார் சிரித்தார்களாம். கோதுமை விளைச்சல் அவர்கள் வாயை அடைத்தது. இங்கிலாந்தில் 1843இல் ஜான் ரீட் உருளை வடிவ மண்குழாயைச் செய்தார். 1845இல் தாமஸ் ஸ்க்ராக் அதைப் பிழிந்தெடுக்கும் எந்திரத்தை அமைத்தார். நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் வடிகால் பணியைக் கவனித்த ஜார்ஜ் வாரிங் 1867இல் வெளியிட்ட நூலில், கல்கட்டும் கம்பிக் கிராதியும் பொருத்திய குழாய் வாயின் படம் உள்ளது. கட்டு கரையைக் காக்கும். கிராதி சிறு பிராணிகள் நுழையாமல் தடுக்கும்.

வகைகள்: (1) தொங்கு வாய். துளையற்ற உறுதியான குழாய் ஒன்று கடைசியில் செருகப்படும். 20 செ.மீ. வரை விட்டமுள்ள வரிசைக்கு அதன் நீளம் குறைந்தது 3 மீட்டர். அதில் மூன்றில் இரு பங்கு கரைக்குள் புதைந்திருக்க வேண்டும். வாயின் அடிமட்டம் ஓடையின் வழக்கமான தாழ்நீர் மட்டத்துக்கு 30 செ.மீ. மேலே இருக்கும். (2) கல்தளம். சாலைப்பாலக் குழாய்களுக்குக் கல்லின் அளவைப் பொறுத்துக் குழாய் விட்டத்தைப்போல் 4 முதல் 8 மடங்கு நீளத்துக்குக் கல் பரப்புவார்கள். வாயருகே அகலம் விட்டத்தின் 3 மடங்கு. கல்லுக்கு அடியில் சரளையோ வடிதுணியோ இல்லாவிட்டால் மண் இடுக்குகள் வழியே வெளியேறித் தளம் அமிழ்ந்துவிடும். ஏரிக் கலிங்குக்குக் கீழே கல் பாவுவதும் அரிப்பைத் தடுக்கத்தான். தரை அமிழ்ந்தால் கூடவே அமிழ்ந்து படிவதால் கல்லடுக்கு, வெடித்துப்போகும் சிமெண்டுத் தளத்தைவிடச் சிறந்தது. (3) மோதுதொட்டி. வேகமாக வரும் நீரைக் குறுக்குச் சுவரில் மோதவிட்டு அடக்கும் கான்கிரீட் அமைப்பு இது. அமெரிக்க நீர்வளத் துறைக்காகப் பொறியாளர் பீட்டர்கா 1958இல் தொகுத்த இத்தகைய அமைப்புகளின் வரிசையில் இது 6ஆம் வகை.

இன்றைய நிலை: 1960களின் பிற்பகுதியிலிருந்து நெளிவரிப் பிளாஸ்டிக் குழாய் பரவியது. வடிநீரை நேரே ஓடையில் விடாமல் கரையோரப் புல்நிலத்தில் கசியவிடும் முறையும் சில இடங்களில் உண்டு.