இரட்டைக் கார்புரேட்டர் ஐடிலிங் கோளாறு (எம்.ஜி.பி.)

பிரிட்டனில் 1962இல் அறிமுகமான எம்.ஜி.பி. காரின் 1,798 சி.சி. எஞ்சினில் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள் உண்டு. இரண்டும் சமமாகக் காற்றை இழுக்காவிட்டால் ஐடிலிங்கில் எஞ்சின் குலுங்கும். வேகம் கூடியதும் கோளாறு பெரும்பாலும் மறைந்துவிடும்.

பழி முதலில் கார்புரேட்டர் மேல்தான் விழும். ஆனால் வால்வு இடைவெளி, பிளக், பாயின்ட், டைமிங் ஆகியவற்றைச் சரிபார்க்காமல் அதைத் தொடுவது வீண்வேலை. அடுத்து ஏர் லீக்: கேஸ்கெட்டும் தேய்ந்த திராட்டில் தண்டும் வழக்கமான இடங்கள்.

சமன் பார்க்க, இரு திராட்டில்களையும் இணைக்கும் கிளாம்புகளைத் தளர்த்தி, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் வைப்பார்கள். ‘உஸ்’ என்ற இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல் கேட்கும்வரை ஐடில் ஸ்க்ரூக்களைத் திருக வேண்டும். இதற்குக் கருவிகள் கிடைக்கின்றன, ஆனால் பழகிய காதுக்கு அவை தேவையில்லை.

பிறகு கலவை. கார்புரேட்டரின் பிஸ்டனைச் சுமார் 0.8 மி.மீ. தூக்கும்போது வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம்; எஞ்சின் தடுமாறி அணைந்தால் குறைவு; சற்றே ஏறி இறங்கினால் சரி. இந்தப் பிஸ்டனின் அசைவைத் தணிக்கும் டாஷ்பாட்டில் ஆயில் குறைந்தால் அது ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதுதான் தெரியும்.